தயாளினி தைத்த இரண்டு பைகள்

என் தங்கை தயாளினியைப் பற்றி வட்டக்கச்சியில் யாரிடம் கேட்டாலும், முதலில் தையல் மெசின் கதையைத்தான் சொல்வார்கள். 2009இல் போருக்குள் ஊரே இடம்பெயர்ந்து ஓடியபோது, ஆட்கள் பாய், சட்டி என்று ஒவ்வொன்றாக வழியில் விட்டுவிட்டுப் போனார்கள். பதினெட்டு வயதுத் தயாளினி மட்டும் மெசினின் தலையைக் கழற்றி, சேலையில் சுற்றி, இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். "எறியடி அதை" என்று அப்பா கத்தினார். அவள் எறியவில்லை. கடைசியில் மாத்தளன் கடற்கரை மணலில் குழி தோண்டிப் புதைத்துவிட்டு வந்தாள். ஊர் திரும்பிய பிறகு அங்கே போய்த் தோண்டியும் பார்த்தாள். கிடைக்கவில்லை. பிறகு வேறொரு மெசின் வாங்கினாள். இன்று எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளில் பாதிப் பேர் போடுவது அவள் தைத்த சீருடைதான்.

தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்பவள். அவளுடைய வேலிக்கு இந்தப் பக்கம் இத்தனை வருடம் குடியிருப்பதற்கே எனக்கு யாராவது பொன்னாடை போர்த்த வேண்டும். ஆனால் அந்தப் பிடிவாதம் இல்லையென்றால் அவள் மகள் தேனுவின் கை என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே எனக்குப் பயம். அந்தப் பிடிவாதத்தால்தான் பிள்ளை பட்ட பாடும். இரண்டையும் சொல்லத்தான் வேண்டும்.

கல்யாணமாகி நான்கு வருடம் கழித்துத்தான் அவளுக்குத் தேனுகா பிறந்தாள். பிள்ளை நாலரைக் கிலோ. தலை வந்துவிட்டது, தோள் வரவில்லை. தாயின் எலும்பில் தோள் சிக்கிவிட்டால் டொக்டர்மாருக்கு இருப்பது சில நிமிடங்கள்தான். அந்த நிமிடங்களுக்குள் பிள்ளையை உயிரோடு எடுத்துத் தந்தார்கள். அதற்காக அவர்களை நான் இன்றும் கும்பிடுகிறேன். ஆனால் கழுத்திலிருந்து வலது கைக்குப் போகும் நரம்புகள் இழுபட்டுவிட்டன. பிள்ளை அழும்போது இடது கை காற்றில் அடிக்கும். வலது கை, உள்ளங்கை பின்னால் திரும்பியபடி, பக்கத்தில் அப்படியே கிடக்கும்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கிரகணத்துக்குள் வெளியே போனாளாம், அதுதானாம் என்றார்கள். தயாளினியோ கிளிநொச்சிக்கு பஸ் ஏறி, கிளினிக்கில் பிசியோதெரபி மிஸ் தர்மிளா காட்டிக்கொடுத்த பயிற்சிகளை ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு வந்தாள். தோளை இப்படித் தூக்கு, முழங்கையை இப்படி மடக்கு, ஒரு நாளைக்கு நான்கு தரம். மிஸ் நான்கு தரம் என்றால் இவள் ஆறு தரம். மூன்றாம் மாதம் பிள்ளையின் விரல்கள் அசைந்தன. ஒரு வயதில் முழங்கை மடிந்தது. நான்கு வயதில் வலது கை தோள் உயரத்துக்கு எழும்பியது. அன்று அவள் வேலிக்கு மேலால் என்னைக் கூப்பிட்டு, "அக்கா, ஓடி வாங்கோ, பிள்ளை கையைத் தூக்குது!" என்று அழுததை நான் மறக்கமாட்டேன்.

ஆனால் எதையாவது நீட்டினால் தேனு வாங்குவது இடது கையால். பந்து எறிவது, தலை சொறிவது, நாய்க்குட்டியைத் தடவுவது எல்லாம் இடது கையால். வலது கையால் சோற்றை வாய்க்குக் கொண்டுபோனால் முழங்கை கோழிச் செட்டைபோலப் பக்கவாட்டில் கிளம்பும். பாதிச் சோறு மடியில் விழும். எங்கள் வீடுகளில் வலது கைக்குச் சோத்துக்கை என்று பெயர். மற்றதுக்குப் பீச்சங்கை என்று பெயர். அந்தக் கையால் சாப்பிடக் கூடாது, விபூதி வாங்கக் கூடாது, ஒருவருக்கு ஒன்றைக் கொடுக்கவும் கூடாது.

தேனுவின் நான்கு வயதில் தர்மிளா மிஸ் ஒரு யோசனை சொன்னார். நல்ல கையை அரை மணித்தியாலம் ஒரு துணிக்குள் விட்டுவிட்டு, மற்றக் கையால் விளையாட விடுங்கள் என்றார். தயாளினி வீட்டுக்கு வந்து சிவப்புப் பூப்போட்ட சீத்தைத் துணியில் ஒரு பை தைத்தாள். வாயில் சுருக்குக் கயிறு. பிள்ளையின் இடது கையை அதற்குள் விட்டு மணிக்கட்டில் கட்டிவிடுவாள். மிஸ் அரை மணித்தியாலம் என்றால் இவள் விடியலிலிருந்து பொழுதுபடும் வரை. மிஸ் விளையாட்டுக்கு என்றால் இவள் சாப்பாட்டுக்கும், கோயிலுக்கும், முன்பள்ளிக்கும். "ஐந்தில வளையாதது ஐம்பதில வளையுமே?" என்பாள். கொஞ்ச நாளில் பிள்ளையை அதட்ட வேண்டிய தேவையே இருக்கவில்லை. காலையில் எழும்பியதும் பையைத் தானே எடுத்து வந்து, இடது கையை நீட்டும்.

நான் மட்டும் என்ன திறம்? ஒரு வெள்ளிக்கிழமை பிள்ளையார் கோயிலில் பை இல்லாத நேரம் தேனு விபூதிக்கு இடது கையை நீட்டிவிட்டாள். சனத்துக்கு முன்னால் பட்டென்று அந்தக் கையில் ஒன்று போட்டேன். கை பாவாடைக்குள் ஒளிந்தது. அழவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு என்மேல் ஆத்திரம் வருகிறது.

இதைவிடப் பெரிய சிக்கல் ஏடு தொடக்கல். விஜயதசமியன்று கோயிலில் தாம்பாளத்தில் பச்சையரிசியைப் பரப்பி, பிள்ளையை மடியில் வைத்து, வலது சுட்டுவிரலைப் பிடித்து முதல் "அ" எழுதுவிப்போம். அதற்கு முன் பிள்ளை எழுதக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். தேனுவின் மூன்று வயதில், கை இன்னும் சரிவரட்டும் என்று தயாளினி தள்ளிப்போட்டாள். நான்கு வயதிலும் தள்ளிப்போட்டாள். இப்போது பிள்ளைக்கு ஐந்து வயது. தைமாதம் முதலாம் வகுப்பு. மற்றப் பிள்ளைகள் தங்கள் பெயரை எழுதுகிறார்கள். தேனுவுக்குப் பென்சிலைப் பிடிக்கவே அனுமதி இல்லை.

"என்ர பிள்ளை முதல் எழுத்தைச் சோத்துக்கையால எழுதவேணும் அக்கா. அதுக்குப் பிறகு என்னவும் செய்யட்டும்" என்றாள் தயாளினி.

அந்த ஒரு எழுத்து எழுதப்பட்டுவிட்டால், பிறந்த அன்று நடந்தது நடக்காதது என்று ஆகிவிடும். அப்படித்தான் அவள் மனதுக்குள் ஒரு கணக்கு இருந்தது. அதை அவள் வாயால் சொன்னதில்லை. எனக்குத் தெரியும், நான் அவளுடைய அக்கா.

ஆவணி மாதத்தில் ஒரு நாள் தயாளினி துணி வாங்கப் போயிருந்தாள். அவள் வீட்டுக் கோழி எங்கள் பக்கம் வந்துவிட்டது என்று அதைப் பிடித்துக்கொண்டு போனேன். தண்ணீர்த் தொட்டியின் பின்பக்கச் சுவரில் தேனு கரித்துண்டால் எதையோ கீறிக்கொண்டு நின்றாள். பூப்போட்ட பை புல்லில் கிடந்தது. சுவரில் ஒரு டிராக்டர். நான்கு சில்லு, புகைக்குழாய், அதில் சுற்றிச் சுற்றி எழும்பும் புகை, ஆசனத்தில் அவளுடைய அப்பா சுகிர்தன், அவன் தலையில் தொப்பி. ஐந்து வயதுப் பிள்ளையின் கோடு மாதிரியே இல்லை. வலது கை சும்மா நிற்கவில்லை. விழுந்துவிடாமல் சுவரை ஊன்றிப் பிடித்திருந்தது.

என்னைக் கண்டதும் பாவாடையால் அழிக்கப் போனாள்.

"பெரியம்மா, அம்மாட்டைச் சொல்லாதேங்கோ. இது எழுத்தில்லை. படம்."

நான் கோழியை விட்டுவிட்டேன். அந்தப் பிள்ளை சட்டத்தில் ஓட்டை தேடிக் கண்டுபிடித்திருக்கிறது! எழுதத்தானே கூடாது; படம் கீறக் கூடாது என்று யார் சொன்னது? சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"சொல்லமாட்டன் குஞ்சு. அப்பான்ர தொப்பி நல்லாயிருக்கு" என்றேன்.

ஆனால் சொல்லாமல் இருந்தால் அந்தப் பிள்ளைக்கு நானும் எதிரிதான் என்று பட்டது. அடுத்த கிளினிக் நாளில் நானும் பஸ் ஏறினேன். "நீங்கள் என்னத்துக்கு?" என்றாள் தயாளினி. "கிளிநொச்சியில எனக்கு வேலை இருக்கு" என்றேன். வேலை ஒன்றும் இல்லை.

தர்மிளா மிஸ் பிள்ளையை நிறுத்துப் பார்த்தார். நான்கு மாதத்தில் ஒன்றரைக் கிலோ குறைந்திருந்தது. பையை எவ்வளவு நேரம் கட்டுகிறீர்கள் என்று கேட்டார். தயாளினி ஒளிக்கவில்லை, உள்ளபடி சொன்னாள்.

"அம்மா, பிழை என்னிலையும் இருக்கு. நான் இன்னும் விளக்கமாச் சொல்லியிருக்கவேணும்" என்றார் மிஸ். "நீங்கள் செய்த பயிற்சியாலதான் இந்தக் கை இவ்வளவுக்கு வந்தது. அதில சந்தேகமே இல்லை. ஆனால் எந்தக் கை முன்னுக்கு வரவேணும் எண்டதை மூளை சின்னனிலயே பழகிக்கொள்ளும். பிள்ளைக்கு வலது கை வேலை செய்யாத அந்த மாதங்களில, மூளை இடது கையை நம்பிப் பழகியிட்டுது. வலது கையில இப்பிடிக் காயம் பட்ட பிள்ளையளில கனபேர் இடது கைக்காரராத்தான் வளருவினம். நரம்பு தேறினாப் பிறகும் அப்பிடித்தான். அது வருத்தமோ நோயோ இல்லை அம்மா. மூளை தன்ர கெட்டித்தனத்தால கண்டுபிடிச்ச வழி."

"அப்ப வலது கை?" என்றாள் தயாளினி.

"வலது கை உதவிக்கு வரட்டும். பிடிக்கிறதுக்கு, தாங்கிறதுக்கு. ரெண்டு கையும் சேந்து செய்யிற வேலையளைக் குடுங்கோ."

தயாளினி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "வலக்கைக்காரியாப் பிறந்திருக்கவேண்டிய பிள்ளை மிஸ்."

"அது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது" என்றார் மிஸ். "நான் ஒண்டு கேக்கிறன், செய்வீங்களோ? ஒரே ஒரு நாளைக்கு உங்கட வலது கையைக் கட்டிப்போட்டிட்டு எல்லா வேலையையும் செய்து பாருங்கோ. பிறகு வந்து என்னோட சண்டை பிடியுங்கோ."

அன்று பின்னேரம் வயலால் வந்த சுகிர்தனிடம் நடந்ததைச் சொன்னோம். அவன் அதிகம் பேசாதவன். கால் கழுவிக்கொண்டே சொன்னான்: "போன காலபோக நெல் விதைப்பில எங்கட வாய்க்கால் உடைஞ்சபோது, தண்ணியை மற்றப் பக்கம் திருப்பி விட்டனாங்கள். அங்க பயிர் நல்லா வந்தது. இப்ப வாய்க்கால் கட்டியாச்சு எண்டதுக்காக, அந்தப் பக்கத்தில விளைஞ்சதைப் பிடுங்கி எறியிறதே? நீர் யோசிச்சுப் பாரும்."

அவள் யோசித்தாளோ இல்லையோ, மிஸ் விட்ட சவால் அவளுக்குள் வேலை செய்தது. மறுநாள் சனிக்கிழமை. காலையில் நான் போனபோது, அதே பூப்போட்ட துணியில் இன்னொரு பை தைத்திருந்தாள், பெரிய அளவில். "கட்டிவிடுங்கோ அக்கா. பொழுதுபடும் வரைக்கும். நான் காட்டுறன்" என்று வலது கையை நீட்டினாள். பக்கத்தில் தேனு தன் இடது கையை நீட்டிக்கொண்டு நின்றாள். இரண்டு பேருக்கும் நானே கட்டிவிட்டேன்.

வெங்காயம் வெட்டப் போனாள். வெங்காயம் உருண்டு கதிரைக் காலுக்குக் கீழே போனது. தேங்காய் திருவப் போனாள். பாதி முற்றத்துக்கு வந்த காகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. தீப்பெட்டியை முழங்காலுக்குள் நெருக்கிக்கொண்டு ஆறு குச்சியை முறித்தாள். நான் சிரித்தேன். சிரிக்காமல் எப்படி இருப்பது? "தையல் ராணி, இந்த ஊசியை ஒருக்காக் கோத்துக் காட்டும் பாப்பம்" என்றேன். கால் மணித்தியாலம் முயன்றாள். பிறகு ஊசியைப் பெட்டிக்குள் எறிந்துவிட்டு, "பிள்ளைக்கு முன்னால சும்மா இருங்கோ அக்கா" என்றாள். கண் கலங்கியிருந்தது.

மத்தியானம் எப்படியோ சோறும் பருப்பும் ஆயின. தாயும் மகளும் குசினியில் பாயில் எதிரெதிரே இருந்தார்கள். நான் அடுப்படியில் சொதி ஊற்றிக்கொண்டிருந்தேன். தயாளினி இடது கையைத் தட்டில் வைத்தாள், எடுத்தாள். முப்பது வருடத்துக்கு மேல் பழகிய உடம்பு, அந்தக் கையை வாய்க்கிட்டக் கொண்டுபோக விடவில்லை. ஒரு பிடி எடுத்தாள், பாதி மடியில் விழுந்தது. இன்னொரு பிடி எடுத்தாள். அதுவும் விழுந்தது. பிறகு தட்டைப் பார்த்தபடி சும்மா இருந்தாள்.

தேனு அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். திடீரென்று எழும்பிப் போய்க் குசினிக் கதவைச் சாத்தினாள். வந்து தாயின் காதருகே குனிந்து, எனக்கும் கேட்கும் இரகசியத்தில் சொன்னாள்:

"அம்மா, பையைக் கழட்டிப்போட்டுக் கெதியாச் சாப்பிடுங்கோ. நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். நானும் அப்பிடித்தான் சாப்பிடுறனான். கதவைச் சாத்தினால் கடவுளுக்குத் தெரியாது."

எனக்குக் கையிலிருந்த அகப்பை நழுவிவிட்டது. தயாளினி பிள்ளையின் பக்கம் திரும்பினாள். பிறகு கேட்டாள், "எப்பவில இருந்து மோனை?"

"கனநாளா. நீங்கள் மெசினில இருக்கேக்க. ஆனால் கொஞ்சம்தான் அம்மா. நிறையச் சாப்பிட்டால் பிடிபட்டிடுவன்."

பிள்ளை ஏன் மெலிந்தது என்று அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. பிறந்த நாளில் பட்ட காயத்தை ஆற்ற ஐந்து வருடம் பாடுபட்ட என் தங்கை, தன் பிள்ளையை ஒரு பிடி சோற்றுக்குக் களவெடுக்க வைத்திருந்தாள். நானும் அதற்குத் துணைபோயிருந்தேன். தயாளினி தன் பையை அவிழ்க்கவில்லை. முதலில் தேனுவின் பையைத்தான் அவிழ்த்தாள், தெரியாத இடது கையாலும் பல்லாலும், சுருக்கைக் கடித்துக் கடித்து. பிறகு பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, வாய்விட்டு அழுதாள். நான் போய்க் கதவைத் திறந்துவிட்டேன்.

"இனிக் கதவு சாத்தவேண்டாம். வடிவாச் சாப்பிடு. எந்தக் கையாலயும் சாப்பிடு" என்றாள் தயாளினி. தேனு என்னையும் தாயையும் மாறி மாறிப் பார்த்தாள். நம்பவில்லை. நான்தான் அடித்த பெரியம்மா ஆயிற்றே. நான் அந்த இடது கையைப் பிடித்துக் கொஞ்சிவிட்டு, ஒரு பிடி சோற்றைக் குழைத்து அதில் வைத்தேன். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை சாப்பிட்ட சாப்பாடு! இரண்டாம் தரம் நான் சோறு போடும்போது, சட்டியில் அடிதான் இருந்தது.

அதன் பிறகு பை வீட்டில் இல்லை என்று சொல்லமாட்டேன். சின்னதைப் பிரித்துப் பெரியதோடு சேர்த்துத் தைத்து, பொத்தான் போடும் பையாக்கினாள். தேனு வலது கையால் பையின் வாயை விரித்துப் பிடிப்பாள், இடது கையால் தாய் கேட்ட நிறப் பொத்தானை எடுத்துக் கொடுப்பாள். சுகிர்தன் சந்தையால் வரும்போது கச்சான் கடலை வாங்கி வருவான். கோதுடைக்க இரண்டு கையும் வேண்டுமே. முதல் கிழமை ஒன்றை உடைக்க ஒரு யுகம் பிடித்தது. ஒரு மாதத்தில் நான் உடைத்து வைத்ததையும் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டுப் போனாள். பயிற்சியையும் தயாளினி விடவில்லை. ஆனால் மிஸ் நான்கு தரம் என்றால் இப்போது நான்கு தரம்தான். அதுவே அவளைப் பொறுத்தவரை பெரிய தவம்.

விஜயதசமி வந்தது. விடிய எழும்பி, தேனுவுக்குப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனோம். வழி முழுக்க நான் மனதுக்குள் ஐயரோடு வாதாடிக்கொண்டு போனேன். அவர் இடது கையை மறுத்தால் இப்படிக் கேட்பது, சனம் சிரித்தால் அப்படிக் கேட்பது என்று பத்துப் பதினைந்து கேள்வி தயாராக வைத்திருந்தேன். கடைசி நேரத்தில் தயாளினி மனம் மாறிவிடுவாளோ என்றும் எனக்குப் பயம். அந்த எழுத்துக்காக அவள் இரண்டு விஜயதசமியைத் தள்ளிப்போட்டவள்.

எங்கள் முறை வந்தது. தயாளினி சப்பாணி கட்டி இருந்து, தேனுவை மடியில் வைத்தாள். முன்னால் அரிசித் தாம்பாளம். பிள்ளை வழக்கம்போல இடது கையைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு, வலது கையைச் சிரமப்பட்டு நீட்டியது. சனத்துக்கு முன்னால் எந்தக் கை என்று அதற்கு நன்றாகத் தெரியும். அதைக் கற்றுக்கொடுத்தவர்கள் நாங்கள்.

தயாளினி அந்த வலது கையைக் குனிந்து கொஞ்சினாள். பிறகு சட்டைக்குள் இருந்த இடது கையைத் தேடி வெளியே எடுத்தாள்.

"ஐயா, என்ர பிள்ளை இந்தக் கைக்காரி" என்றாள். கோயில் மண்டபம் முழுக்கக் கேட்டது.

ஐயர் நிமிர்ந்து பார்த்தார். நான் என் கேள்விகளோடு ஒரு அடி முன்னால் வந்தேன்.

"எழுதுவியுங்கோ பிள்ளை, கெதியா. பின்னுக்குப் பதினொரு பிள்ளையள் நிக்கினம்" என்றார் ஐயர். என் கேள்விகள் எல்லாம் வீணாகப் போயின.

தயாளினி தன் இடது கையால் மகளின் இடது சுட்டுவிரலைப் பிடித்தாள். ஊசி கோக்கத் தெரியாத அந்தக் கை அளவு தெரியாமல் அழுத்தியது. "அ"வின் முதல் வளைவிலேயே தாம்பாளம் வழுக்கி, அரிசி ஒரு பக்கமாய்ச் சரிந்தது. தாய்க்குப் பிடிக்க வேறு கை இல்லை. வலது கை பிள்ளையின் இடுப்பைச் சுற்றி இருந்தது.

அப்போது தேனுவின் வலது கை, யாரும் சொல்லாமல், முழங்கையைக் கோழிச் செட்டைபோல விரித்துக்கொண்டு மெல்ல வந்து தாம்பாளத்தின் விளிம்பைப் பிடித்தது. இறுக்கிப் பிடித்தது. தாம்பாளம் நின்றது.

"அம்மா, கையை விடுங்கோ. நான் எழுதுறன்" என்றாள் தேனு.

தயாளினி விட்டாள். எல்லோரும் அரிசியில் வந்த எழுத்தைப் பார்த்தார்கள். தயாளினி மட்டும் தாம்பாளத்தைப் பிடித்திருந்த அந்த வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.